பதினாறு படிகளும் ஒரே அளவு

இருட்டில் மாடிப்படி ஏறும் ஒருவர் ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அந்தப் படிக்கட்டின் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு அது தேவைக்குமேல் உயர்வதில்லை. படியின் விளிம்பை ஒட்டினாற்போலப் பாதம் கடந்து செல்கிறது. இடையில் ஒரு படி மட்டும் சற்று உயர்ந்திருந்தால் கால்விரல் இடறும். சற்றுத் தாழ்ந்திருந்தால் இறங்குபவரின் கால் தரையைத் தேடித் தடுமாறும். அழகிய கைப்பிடி, விலையுயர்ந்த மரம் எல்லாம் பிறகுதான். படிகள் யாவும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதே படிக்கட்டின் முதல் தேவை.

நம் நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்களின்படி, ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கால் வைக்கும் பகுதியின் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. எந்த அளவைத் தேர்ந்தெடுத்தாலும் அது படிக்கட்டு முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது.

கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் மீனவ ஊர் தஞ்சோங் டாவாய். கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து ஆற்றைக் கடந்து பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகில் செல்லலாம். இந்த வட்டாரத்துப் பழைய மலாய் வீடுகள் தூண்கள்மேல் நிற்கும் பலகை வீடுகள். அவற்றின் வாசலுக்கு மரப்படிகளில் ஏறித்தான் போக வேண்டும். படியடியில் தண்ணீர்ச் சாடி வைத்துக் கால் கழுவிய பிறகே வீட்டிற்குள் நுழைவது வழக்கமாக இருந்தது. படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதும் மலாய்க்காரர்களின் மரபு. தமிழரிடமும் இதைப் போன்ற வழக்கம் உண்டு. “லாபம், நட்டம்” என்று மாறி மாறி எண்ணிக்கொண்டே ஏறுவர். கடைசிப் படி லாபத்தில் முடிந்தால்தான் வீட்டாருக்கு நிம்மதி. மேல்தளத்தையும் ஒரு படியாகக் கணக்கிடுவதா இல்லையா என்பதில் மட்டும் ஆளுக்கு ஆள் கருத்து மாறும்!

இன்று சுங்கைப் பட்டாணி, பீடோங், செமிலிங் பகுதிகளில் தோட்டங்களைவிட்டு வந்த பல குடும்பங்கள் தாமான்களில் குடியிருக்கின்றன. தரையோடு தரையாக இருந்த லயத்து வீட்டில் ஐம்பது அறுபது ஆண்டுகள் வாழ்ந்த பாட்டி, இரண்டு மாடி வீட்டில் நாள்தோறும் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டு செய்யும் தச்சர் எடுக்கும் அளவு சரியாக இருக்க வேண்டியது அந்தப் பாட்டிக்காகத்தான்.

தச்சரின் வேலை உளியில் தொடங்குவதில்லை, கணக்கில் தொடங்குகிறது. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்திற்கு உயரம் 2720 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதை 15 படிகளாக வகுத்தால் ஒரு படிக்கு 181 மி.மீ.க்குச் சற்று அதிகமாக வரும். சட்டத்தின் வரம்பை அது ஒரு மில்லிமீட்டர் தாண்டிவிடுகிறது. 16ஆல் வகுத்தால் மிகச் சரியாக 170 மி.மீ. பதினாறாவது ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால், கால் வைக்கும் பலகைகள் 15 போதும். ஒவ்வொன்றுக்கும் 270 மி.மீ. அகலம் கொடுத்தால் படிக்கட்டு தரையில் 4050 மி.மீ. நீளம் பிடிக்கும்.

இந்த 270 எங்கிருந்து வந்தது? பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தேல் 17ஆம் நூற்றாண்டில் ஒரு விதியை வகுத்தார். சமதரையில் நடக்கும்போது ஓர் அடி வைப்பு அக்கால அளவில் இரண்டு அடி நீளம், அதாவது ஏறத்தாழ 650 மி.மீ. மேலே ஏறும்போது உயர்கிற ஒவ்வோர் அங்குலத்திற்கும் முன்னோக்கிய நடையில் இரண்டு அங்குலம் குறைகிறது என்றார் அவர். ஆகவே, உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் ஓர் அடி வைப்பின் நீளம் வர வேண்டும். இன்றைய தச்சர்கள் பலரும் இக்கூட்டுத்தொகையை 600 முதல் 640 வரை வைத்துக்கொள்கின்றனர். நம் கணக்கில் இருமடங்கு 170 என்பது 340. அதனுடன் 270 சேர்ந்தால் 610.

வீட்டுக்காரர் ஒற்றைப்படைதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால்? 2720ஐ 17ஆல் வகுத்தால் 160 மி.மீ. கிடைக்கிறது. உயரம் குறைந்த படி, முதியோருக்கு ஏறுவதற்கு எளிது. ஆனால், ஒரு பலகை கூடுவதால் கூடத்தில் இன்னும் 270 மி.மீ. இடம் போய்விடும். நம்பிக்கையையும் இடத்தையும் பாட்டியின் முழங்காலையும் ஒன்றாக வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

இப்போது படிக்கட்டின் உறுப்புகளைப் பார்ப்போம். கால் வைப்பது மிதிப்பலகை. இரண்டு மிதிப்பலகைகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்பது நிலைப்பலகை. இவை இரண்டையும் இருபுறமும் தாங்கிக்கொண்டு சாய்வாக மேலே செல்லும் நீண்ட கனமான பலகைகள் பக்கச் சட்டங்கள். பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் 12 மி.மீ. ஆழத்திற்குக் காடி வெட்டி, அதற்குள் மிதிப்பலகையையும் நிலைப்பலகையையும் செருகுவர். வெளியிலிருந்து பார்த்தால் ஆணி எதுவும் தெரியாது.

அந்தக் காடி வெட்டுவதுதான் பெரிய வேலை. முன்பு ஒவ்வொரு காடியையும் பென்சிலால் வரைந்து, ஓரங்களை வாளால் அறுத்து, நடுவில் உள்ள மரத்தை உளியாலும் கொட்டாப்புளியாலும் செதுக்கி எடுத்தனர். 15 மிதிப்பலகைகள், 16 நிலைப்பலகைகள். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் காடி. ஆக, 62 காடிகள். கை களைத்த பிறகு வெட்டிய காடியும் காலையில் வெட்டிய காடியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

இன்று அந்த வேலையை ரௌட்டர் என்னும் மின்கருவி செய்கிறது. அதன் அடியில் உள்ள வெட்டுமுனை நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. ஆனால், ரௌட்டருக்கு வழி தெரியாது; கையை ஆட்டினால் அதுவும் ஆடும். அதற்கு வழிகாட்டுவது ஜிக் எனப்படும் அச்சுப் பலகை. ஒரு படியின் மிதிப்பலகைக்கும் நிலைப்பலகைக்கும் உரிய வடிவம் அதில் திறப்பாக வெட்டப்பட்டிருக்கும். அதைப் பக்கச் சட்டத்தின்மேல் வைத்து இறுக்கிப் பிடிக்கச் செய்து, ரௌட்டரின் அடியில் உள்ள வட்ட வளையம் திறப்பின் ஓரத்தில் உரசிச் செல்லுமாறு நகர்த்தினால், அதே வடிவம் மரத்தில் காடியாக விழும். ஒரு படி முடிந்ததும் அச்சைத் தளர்த்தி அடுத்த குறிக்கு நகர்த்த வேண்டியதுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அச்சின் ஓரத்தில் உரசுவது வளையம். வெட்டுவதோ அதற்குள் இருக்கும் முனை. வளையத்தின் விட்டம் 30 மி.மீ., முனையின் விட்டம் 16 மி.மீ. என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 14 மி.மீ. ஆகையால், 25 மி.மீ. தடிப்புள்ள மிதிப்பலகைக்கு அச்சில் 39 மி.மீ. திறப்பு வேண்டும். இதை மறந்து 25 மி.மீ. திறப்பு வெட்டினால் வளையம் உள்ளேயே நுழையாது. காடியின் பின்புறத்தைச் சற்று அகலமாக விடுவதும் வேண்டுமென்றே செய்வதுதான். படியின் அடிப்புறத்திலிருந்து அந்த இடைவெளியில் பசை தடவிய மர ஆப்பை அடித்து இறக்கும்போது, மிதிப்பலகை காடியின் மேல் ஓரத்தோடு அழுந்தி நிற்கும். ஆப்பு தளர்ந்த படிக்கட்டுதான் ஒவ்வொரு காலடிக்கும் ‘கிறீச்’ என்று கத்துகிறது.

அச்சு இருந்தால் பிழையே வராது என்று எண்ணிவிடக்கூடாது. அச்சை எங்கே வைப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். கணிதப் பாடத்தில் படித்த பைதகரஸ் தேற்றம் இங்கே உதவுகிறது. 170, 270 என்னும் இரண்டு பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஏறத்தாழ 319 மி.மீ. பக்கச் சட்டத்தின் நீள்வாட்டில் இந்த இடைவெளியில்தான் படிகள் அமையும். முதல் குறியிலிருந்து இரண்டாவதை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை என்று அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு முறையும் நேரும் ஒரு மில்லிமீட்டர் தவறு 15 படிகளில் 15 மி.மீ. ஆகிவிடலாம். அதனால் நல்ல தச்சர் அளவுநாடாவை ஒரே இடத்தில் நிறுத்தி 319, 638, 957 என்று எல்லாக் குறிகளையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே இடுவார். வகுத்த கணக்கே தவறாக இருந்தாலோ, அச்சு அந்தத் தவறையும் பதினாறு முறை ஒழுங்காகச் செய்து கொடுக்கும்!

இன்னொரு பொறியும் இருக்கிறது. இடப்பக்கச் சட்டமும் வலப்பக்கச் சட்டமும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். அச்சைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டுமே இடப்பக்கச் சட்டங்களாகிவிடும். ஐந்து மீட்டர் நீளப் பலகை வீணாகும். இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் இரண்டு சட்டங்களையும் அருகருகே கிடத்தி, ‘இடம்’, ‘வலம்’, ‘மேல்’, ‘கீழ்’ என்று பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

12 மி.மீ. ஆழத்தையும் ஒரே வீச்சில் வெட்டக்கூடாது. இரண்டு மூன்று தடவையாகச் சிறிது சிறிதாக ஆழப்படுத்தினால் மரமும் சிதறாது, முனையும் சூடேறாது. வெட்டுமுனையை மாற்றும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் அணிந்தவர்கள்கூட முகக்கவசத்தை மறந்துவிடுகின்றனர். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. தூசியை ‘வெறும் மரத்தூள்தானே’ என்று விட்டுவிட முடியாது.

இனி மரத்துக்கு வருவோம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வெளிப்படிக்குச் செங்கால் மரத்துக்கு ஈடு சொல்வது அரிது. தீபகற்ப மலேசியக் காடுகளில் வளரும் இந்த மரம் கனமானது. கறையானையும் ஈரத்தையும் நெடுங்காலம் தாங்கும். இப்போது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். மெர்பாவ் மரமும் உறுதியானது. செம்பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும். ஆனால், நனைந்தால் பழுப்புச் சாயம் விடும். வெள்ளைச் சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் அடுத்த மழைக்கே தெரிந்துவிடும்.

வீட்டின் உட்படிகளுக்கு வேறொரு மரம் பயன்படுகிறது. அது நமக்கு மிகவும் அறிமுகமானது: பால்மரம். 1877இல் கன்றுகளாக மலாயாவுக்கு வந்த இரப்பர் மரம், பின்னர் கெடாவின் தோட்டங்களெங்கும் நிறைந்தது. நம் பாட்டனும் பூட்டனும் விடியற்காலையில் எழுந்து கீறிய மரம் அது. 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வர். வெட்டிய மரத்துக்கு நெடுங்காலம் மதிப்பில்லை, விறகாகத்தான் போனது. இரப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடங்களில் எரிந்ததும் அந்த விறகுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. பால்மரத்தில் மாச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். துளைக்கும் வண்டுகளும் தேடி வரும். பலகையாக அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1980களிலிருந்து பால்மரப் பலகை மலேசிய அறைகலன் தொழிலின் முதன்மைப் பொருளாகியிருக்கிறது. மரம் பருமனானதன்று, நீண்ட நேரான பலகை கிடைக்காது. அதனால் குட்டைத் துண்டுகளின் முனைகளைக் கைவிரல்கள் கோத்ததுபோலச் சீவி, பசையிட்டு நீளமாக்குவர். பிறகு பக்கவாட்டில் ஒட்டி அகலமாக்குவர். வெளிர் மஞ்சள் நிறத்தில், சிறு சிறு துண்டுகள் சேர்ந்ததாகத் தெரியும் மிதிப்பலகையைக் கண்டால், அது பெரும்பாலும் பால்மரமாகத்தான் இருக்கும். மழைபடும் இடத்தில் மட்டும் அதை வைக்கக்கூடாது. ஈரமும் கறையானும் விரைவில் அழித்துவிடும்.

எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்த பிறகே காடிக்குள் செருக வேண்டும். பச்சை மரம் பின்னர்ச் சுருங்கும். இறுக்கி அடித்த ஆப்பும் அப்போது தளரும்.

பட்டறையில் எல்லாம் சரியாக முடிந்தும், வீட்டில் பொருத்திய பிறகு முதற்படி மட்டும் தவறாகிப்போவது உண்டு. புது வீட்டில் வெறும் சிமெண்டுத் தரையிலிருந்து உயரத்தை அளந்திருப்பர். படிக்கட்டை நிறுத்திய பிறகு, கீழ்த்தளத்தில் மட்டும் கலவை கொட்டித் தரை ஓடு பதிப்பர். தரை 30 மி.மீ. உயர்ந்தால், 170 ஆக இருந்த முதற்படி 140 ஆகச் சுருங்கும். மற்ற பதினைந்தும் 170 ஆகவே இருக்கும். மேலிருந்து இறங்குபவரின் கால் கடைசியில் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையில் மோதும். மேல்தளத்தில் மட்டும் ஓடு பதித்தால் தவறு மறுமுனையில் வரும்; அங்கே கடைசி ஏற்றம் 200 மி.மீ. ஆகிவிடும். ஆகவேதான், அனுபவமுள்ள தச்சர் அளவுநாடாவை விரிக்கும் முன்னரே, “மேலேயும் கீழேயும் என்ன ஓடு பதிக்கப் போறீங்க, எப்போ பதிக்கப் போறீங்க?” என்று வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.