பலகைக்கு இரண்டு முகம்

அன்புள்ள தாராவித் தம்பிக்கு,

3 மி.மீ. பிளைவுட், லேசரில் ஓடும்போதே தூக்கிக்கொள்கிறது, மாட்டுங்காவுக்கு அனுப்பிய பெயர்ப்பலகைகள் வளைந்துபோய்த் திரும்பி வந்தன, மெஷினை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. அதற்குக் கடன் வாங்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். கோளாறு பெரும்பாலும் பலகைக்குள் இருக்கும் ஈரத்தில்தான். மும்பையில் இந்தத் தொழில் செய்யும் பலருக்கும் இதே தொல்லை இருப்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

2018இல் மகாராஷ்டிரம் தெர்மாகோலுக்குத் தடை போட்ட பிறகு, கணபதி வைக்கும் மகர் எனும் அலங்கார மண்டபங்கள் அட்டை, எம்.டி.எஃப்., பிளைவுட் என்று மாறத் தொடங்கின. உங்களைப் போன்றவர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. ஆனால் அந்த ஆர்டர்கள் குவிவது ஜூலையிலும் ஆகஸ்டிலும், காற்று தண்ணீராய்க் கனக்கும் மாதங்களில். கணபதி முடிந்த கையோடு செம்பூர், மாட்டுங்கா வீடுகளின் கொலு வேலை வரும். அதையொட்டி மழை விடைபெற்றுக் காற்று உலர ஆரம்பிக்கும். ஈரத்தில் செய்த பொருள் உலர்ந்த வீட்டுக்குப் போகிறது.

மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 17 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். காற்று 65 சதவீதத்துக்கு வந்தால் மரம் சுமார் 12க்கு இறங்கும். அப்போது ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். ரேகை ஓடும் திசையில் அநேகமாக அசையாது. மூன்று அடுக்கு பிளைவுட்டில் நடு அடுக்கு குறுக்காகப் படுத்து மேல், கீழ் அடுக்குகளைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு முகமும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும்வரை இழுபறி சமமாக இருக்கும். ஒரு முகம் மட்டும் காய்ந்தால், ஒரே பக்கம் வெயில் பட்ட அப்பளம் போல அந்தப் பக்கமே குழியும்.

ஆகவே சூத்திரம் ஒன்றுதான்: ஒரு முகத்துக்கு எதைச் செய்தாலும் மறுமுகத்துக்கும் செய்யுங்கள்.

ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஒரு பக்கம் ஈரச்சுவர், ஒரு பக்கம் ஃபேன் காற்று. அங்கேயே வளைவு ஆரம்பமாகிறது. தரையிலிருந்து உயர்த்தி, சமமான பலகை மேல் படுக்கவைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே கனம் ஏற்றுங்கள். அடுக்கிலிருந்து அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். எம்.ஆர். (ஈரம் தாங்கும்) முத்திரையை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். ஈரத்தில் பசை விடாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். மரம் ஊதாது என்பதற்கு அல்ல.

இனி மெஷின். அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் படேல் நம் பாராமதியில் பிறந்தவர். அதன் 10.6 மைக்ரோமீட்டர் கதிரை மரத்தின் மேற்பரப்பே குடித்துவிடுகிறது. அதனால்தான் சுத்தமாக வெட்டுகிறது. அதனால்தான் மேல்முகம் முதலில் காய்கிறது. 2 அங்குல லென்ஸின் ஃபோகஸ் இரண்டு மூன்று மி.மீ. உயரத்துக்குள்தான் கூர்மையாக நிற்கும். ஷீட் அதற்கு மேல் எழும்பினால் கோடு அகலும், அடிவரை அறுபடாது. உடனே இரண்டாம் முறை ஓட்டுகிறோம்; சூடு கூடி இன்னும் வளைகிறது.

இதைத் தடுக்க, வளைவின் மேடு மேலே வரும்படி ஷீட்டைப் போட்டு, நடுவை அழுத்திப் பிடியுங்கள். தேன்கூட்டு மேடை இரும்பு என்றால் தட்டையான காந்தங்கள் போதும்; அலுமினியம் என்றால் காந்தம் ஒட்டாது, துளைகளில் செருகும் கொக்கிகள் வேண்டும். எதுவானாலும் நாசிலில் இடிக்காத உயரத்தில் இருக்கட்டும். உள் துளைகளை முதலிலும் வெளிக்கோட்டைக் கடைசியிலும் வெட்டுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை வரிசையாக ஓட்டாமல் ஷீட்டின் வெவ்வேறு மூலைகளுக்குத் தாவிப் போனால் சூடு ஒரே இடத்தில் தேங்காது. முழுதும் அறுபடுகிற அளவில் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பெயர்ப்பலகைகள் திரும்பி வந்ததற்கு நிறைய இடத்தை ஆழமாகச் செதுக்கியது காரணமாக இருக்கலாம். எழுத்தைச் சுற்றிலும் தரையைக் குடைந்தால் மேல் அடுக்கு பலவீனமாகி, காய்ந்து, செதுக்கிய பக்கம் குழிந்துவிடும். எழுத்தை மட்டும் செதுக்குங்கள். அல்லது தனியாக வெட்டி ஒட்டுங்கள். வார்னிஷோ பெயின்டோ முன்பக்கம் எத்தனை கோட்டோ, பின்பக்கமும் அத்தனை. ஓரங்களையும் விடாதீர்கள். சுவர்ப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று மிச்சம் பிடிப்பது நஷ்டத்தில் முடியும்.

பூச்சு ஏறாத பலகை வளைந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். குழிந்த முகத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே கனம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். பல துண்டுகள் நேராகிவிடும்.

இடம் நெருக்கடி, தெரியும். ஆனாலும் மெஷின் ஓடும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். வளைந்த ஷீட் லேசர் தலையில் இடித்து நின்றால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. எம்.டி.எஃப். புகையில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால் புகைக்குழாய் வெளியே போகட்டும், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து அல்ல.

பெரிய ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் ஒரே ஒரு துண்டை வெட்டி, செதுக்கி, இருபுறமும் பூசி, இரண்டு நாள் ஃபேனடியில் விடுங்கள். அது நேராக இருந்தால் மீதியைத் தொடங்குங்கள். இந்த இரண்டு நாளையும் பின்பக்கப் பூச்சையும் விலையில் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வருஷக்கணக்கில் நேராகத் தொங்கப்போகும் பெயருக்கு அது நியாயமான கூலிதான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்