இணைப்பின்றி இயங்கும் வலைச் செயலிகள்: தரநிலைகளின் வளர்ச்சி

முன்னுரை

இணைய இணைப்பு அறுந்த நிலையிலும் இயங்குதல், கைப்பேசியின் முகப்புத் திரையில் தனிச் செயலியாக நிறுவப்படுதல் ஆகிய இரு பண்புகளும் இன்று வலைச் செயலிகளிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. இணைப்பு இல்லாதபோது எதனைக் காட்டுவது என்பதை உலாவி முடிவு செய்வதா, செயலியை ஆக்கியோர் முடிவு செய்வதா என்னும் வினா இத்தரநிலைகளின் வளர்ச்சியில் முதன்மை பெறுகிறது. அவ்வினாவின் அடிப்படையில் இக்கட்டுரை அமைகிறது.

ஆப் கேச் முறையும் அதன் குறைகளும்

எச்டிஎம்எல்5 தரநிலையில் இடம்பெற்ற 'ஆப் கேச்' முறையில், சேமிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலை எழுதிவைத்தால் போதும். எஞ்சியவற்றை உலாவியே கவனித்துக்கொள்ளும். இவ்வெளிமையே குறையாகவும் முடிந்தது. இணைப்பு இருந்தபோதும் சேமித்த பக்கமே முதலில் காட்டப்பட்டது. வழங்கியில் பக்கம் திருத்தப்பட்டாலும், பட்டியல் கோப்பு மாறாதவரை அத்திருத்தம் பயனரைச் சென்றடையவில்லை. பட்டியலிலுள்ள ஒரு கோப்பு கிடைக்காவிடினும் புதுப்பிப்பு முழுவதும் கைவிடப்பட்டது. இவ்விதிகளை மாற்றும் வாய்ப்பு ஆக்கியோருக்கு இல்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பயர்பாக்ஸ், குரோம் உலாவிகள் இம்முறையை நீக்கின.

சர்வீஸ் ஒர்க்கர்

இதற்கு மாற்றான 'சர்வீஸ் ஒர்க்கர்' தரநிலையின் முதல் வரைவை, டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014 மே மாதத்தில் வெளியிட்டது. இது பக்கத்திற்கும் வலையமைப்பிற்கும் இடையே நின்று, ஒவ்வொரு கோரிக்கையையும் பெற்று விடையளிக்கும் நிரலாகும். சேமிப்பிலிருந்து தருவதா, வழங்கியிலிருந்து பெறுவதா என்பதை இந்நிரலை எழுதுவோரே வரையறுக்கின்றனர். இத்தகைய ஆற்றலுடைய நிரல் இடைவழியில் மாற்றப்பட்டால் தளம் முழுவதும் பிறர் கைக்குச் செல்லும். ஆதலின், மறைகுறியாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது.

நிறுவுதலும் சேமிப்பின் ஆயுளும்

செயலியின் பெயர், படவுரு, தொடக்க முகவரி, தோற்றமுறை ஆகியவற்றை 'வெப் ஆப் மேனிஃபெஸ்ட்' என்னும் கோப்பு உலாவிக்கு அறிவிக்கிறது. இவ்வகைச் செயலிகளுக்கு 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்னும் பெயரை 2015இல் அலெக்ஸ் ரசல், பிரான்சிஸ் பெரிமன் ஆகியோர் வழங்கினர். 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3 பதிப்பின் வழி ஐபோனிலும் சர்வீஸ் ஒர்க்கர் இடம்பெற்றது.

எனினும், சேமித்தவை எத்தனை காலம் நிலைக்கும் என்பது உலாவியைப் பொறுத்ததே. உலாவியைப் பயன்படுத்திய ஏழு நாள்களில் பயனர் ஒரு தளத்தைத் தொடாதிருப்பின், அத்தளத்தின் நிரல் சேமித்தவற்றை அழிக்கும் விதியைச் சஃபாரி 2020இல் கொணர்ந்தது. முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட செயலிகளுக்கு நாள்கணக்கு தனியே வைக்கப்பட்டது; செயலியைப் பயன்படுத்துந்தோறும் அது புதிதாகத் தொடங்கும். இதனால் நிறுவுதல் என்பது தோற்றத்தோடு நில்லாமல், சேமிப்பின் ஆயுளையும் தீர்மானிப்பதாயிற்று.

முடிவுரை

எதனைக் காட்டுவது என்னும் உரிமை ஆக்கியோருக்கு மாறியுள்ளது. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்னும் உரிமை உலாவியிடமே உள்ளது. ஆகவே, மின்னகராதி, மின்னூல் தொகுப்பு முதலியவற்றை இம்முறையில் அமைப்போர், பயனர் கருவியிலுள்ள படியைப் படிப்பதற்கான வசதியாக மட்டுமே கொள்ளுதல் தகும். பயனரின் குறிப்புகளையும் திருத்தங்களையும் இணைப்பு மீண்டவுடன் வழங்கிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு இன்றியமையாதது.