பூட்டினோமா, பூட்டலையா? ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) உள்ளவர்களுக்கு

• திரும்பக் கை கழுவத் தோன்றினால் உடனே எழாதீர்கள். 5 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பழகப் பழக நேரத்தைக் கூட்டுங்கள்.

• கேஸ், பூட்டு எதுவானாலும் ஒருமுறை பார்த்தால் போதும். செல்போனில் படமெடுத்து வைத்துப் பார்ப்பதும் அதே சோதனைதான்.

• வேண்டாத எண்ணம் வந்தால் அதோடு வாதாடாதீர்கள். அது வெறும் எண்ணம், உங்கள் குணமல்ல.

• வீட்டில் உள்ளவர்களே, "பூட்டியாச்சு" என்று ஓயாமல் உறுதி சொல்வது நோயை வளர்க்கும். திட்டுவதும் உதவாது. "சந்தேகம் கஷ்டமாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பார்" என்று சொல்லுங்கள்.

• மருந்து பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

• இந்தியாவில் டெலி மனஸ் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். தயங்காமல் அழையுங்கள்.