தாத்தாவின் பட்டடையைச் செய்தது யார்?

பழைய பட்டடை கைக்கு வந்தால் முதலில் கிரைண்டரை எட்ட வையுங்கள். எங்கள் தாத்தாவின் பட்டடை பல்லாண்டு சம்மட்டி அடியைத் தாங்கியது, டிஸ்க்கைத் தாங்கவில்லை. சித்தப்பா மகன், விற்பதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று அதை ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனான். அவர்கள் பக்கவாட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தந்தார்கள். செய்தவர் பெயரை அடிப்பது அந்தப் பக்கவாட்டில்தான். மேல்வரி முழுக்கத் தூளாகப் போய்விட்டது.

மறுநாள் முகத்தையும் சமன் செய்வதாக இருந்தார்களாம். தகவல் கிடைத்ததும் வண்டி வைத்துத் தூக்கிவந்துவிட்டேன். இந்த வகைப் பட்டடையில் உடம்பு தேனிரும்பு. முகத்தில் மட்டும் ஒரு எஃகுத் தகட்டைக் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். அந்தத் தகடுதான் பட்டடையின் உயிர். மேடுபள்ளம் தெரிகிறதே என்று அதை இழைத்தால், அடி வாங்கும் எஃகு குறையும். தேய்ந்துபோன தகட்டை மறுபடி வைக்க நம்மூரில் ஆள் கிடையாது. நான் தூக்கிவந்ததில் சித்தப்பா வீட்டாருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இருக்கட்டும். பங்கு கேட்கிறவர்களுக்குப் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டேன்.

துடைப்பது சின்ன வேலை: மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பிறகு மெல்லிய தாளை ஒட்டவைத்து அடுப்புக்கரியை லேசாகத் தேய்க்க வேண்டும். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத எழுத்தும் எழும்பும். எனக்கு அப்படி எழும்பியவை இரண்டு: வட்டமாக வளைந்த எழுத்துகளில் பாதி, அதன் கீழே 1, 3, 9 என்று தள்ளித் தள்ளி மூன்று எண்கள்.

காயலான் கடைக்காரர் அதை 139 கிலோ என்று படித்தார். தராசில் 92 கிலோ சொச்சம்தான் காட்டியது. உடனே “போலி முத்திரை, வார்ப்பிரும்பு, கிலோ கணக்கில்தான் எடுப்பேன்” என்றார். அது கிலோ அல்ல, பழைய ஆங்கிலேய எடைக் கணக்கு. முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர். நடு எண் அதில் கால் பங்கு, அதாவது 28 பவுண்டு. கடைசி எண் மீதிப் பவுண்டு. 112, மூன்று 28, ஒன்பது: மொத்தம் 205 பவுண்டு, 93 கிலோ. தேய்மானம் போக அவருடைய தராசே முத்திரை உண்மை என்று சாட்சி சொன்னது. அவருக்கு அதை எழுதியே காட்டினேன்.

இந்த எடைக் கணக்கு வந்தாலே இங்கிலாந்துச் சரக்கு என்று பெரும்பாலும் நம்பலாம். எலிப் படம் இருந்தால் ஷெஃபீல்டின் மவுஸ்ஹோல். கழுகு புடைத்து நின்றால் அமெரிக்காவின் ஃபிஷர். அதன் உடம்பு வார்ப்பிரும்பு, தட்டினால் கணீரென்று ஒலிக்காது, ஆனால் முகம் எஃகு, தரமான பட்டடை. ஒலி வராததெல்லாம் மட்டம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். புரூக்ளினின் ஹே-படன் என்றால் முன்காலில் வரிசை எண்ணைத் தேடுங்கள். எங்களுடையதில் வட்ட முத்திரையில் மிஞ்சியது ‘சாலிட் ராட்’ என்பதன் பின்பாதி; கால்களின் மேல் முன்னும் பின்னும் குறுகிய படி. இரண்டும் சேர்ந்தால் டட்லி ஊரின் பீட்டர் ரைட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வயதுதான் சிக்கல். முகத்தில் சதுரத் துளையோடு சிறிய வட்டத் துளையும் இருப்பதால் 1820-களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லாவிட்டால் 1891-க்கு முந்தியது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்பது அமெரிக்கா தன் இறக்குமதிக்குப் போட்ட சட்டம். கப்பலில் நம் பக்கம் வந்த பட்டடைக்கு அது எப்படிப் பொருந்தும்? அந்தச் சொல் இருந்திருந்தால் காலத்தைப் பின்னே தள்ளலாம். இல்லாதது எதையும் நிரூபிக்காது.

நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1928-ல் பொன்மலைக்குப் போனபோது ஏலத்தில் எடுத்தது என்பார் தாத்தா. காகிதம் இல்லை; ஆனால் மற்ற அடையாளங்கள் அந்தப் பேச்சோடு முரண்படவில்லை. ஆகவே, பீட்டர் ரைட் முத்திரையையும் சேர்த்துப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1928-க்குள் என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பங்காளிகள் விற்கச் சொல்லி நச்சரிப்பார்கள். விற்பதானால் விற்றுவிடுங்கள், ஆனால் நாலு பக்கமும் கரித்தாள் படி எடுத்து, பெயரும் எடையும் உறுதியான பிறகு விலை பேசுங்கள். கிலோ கணக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.