இந்திய–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம்: முக்கியக் குறிப்புகள்

• கையெழுத்தானது 28.12.1998, புதுதில்லியில் (வாஜ்பாய் – சந்திரிகா குமாரதுங்க). நடைமுறைக்கு வந்தது 1.3.2000. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே படியுங்கள். விடைத்தெரிவுகளில் இவற்றைத்தான் மாற்றிப் போடுவார்கள்.

• சரக்கு வணிகம் மட்டும். சேவை, முதலீடு இதில் இல்லை.

• வரிக்குறைப்புக்கு இந்தியாவுக்கு 3 ஆண்டு, இலங்கைக்கு 8 ஆண்டு. சலுகை பெறாத பொருள்களின் எதிர்மறைப் பட்டியல் தொடக்கத்தில்: இந்தியா 429, இலங்கை 1,180. சிறிய நாட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பது இதுதான்.

• மூலநாட்டு விதி: ஏற்றுமதி செய்யும் நாட்டில் குறைந்தது 35% மதிப்புக்கூட்டல் நடந்திருக்க வேண்டும்.

• விளைவு: இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி 1999-இல் சுமார் 5 கோடி டாலர்; 2005-இல் 55 கோடியைத் தாண்டியது. இந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதில் பெரும்பங்கு வனஸ்பதியும் தாமிரமும். அப்போது வனஸ்பதியின் மூலப்பொருளான பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. எனவே இந்திய முதலீட்டாளர்களே இலங்கையில் ஆலை தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். உள்நாட்டு ஆலைகள் முறையிட்டன. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று இந்தியா உச்சவரம்பு வைத்தது. 2008-இல் கச்சா சமையல் எண்ணெய்க்கான வரியை இந்தியா நீக்கியதும் அந்த வணிகத்துக்கு இருந்த ஆதாயமே போய்விட்டது.

• ஜேக்கப் வைனர் (1950) வரிச்சலுகை ஏற்பாடுகளின் விளைவை இரண்டாகப் பிரித்தார்: வணிக ஆக்கம் (உள்நாட்டில் செலவு கூடிய உற்பத்திக்குப் பதில் கூட்டாளி நாட்டின் மலிவான சரக்கு வருவது), வணிகத் திசைமாற்றம் (வரிச்சலுகையால் இறக்குமதி மலிவான வெளிநாட்டை விட்டுக் கூட்டாளி நாட்டுக்கு மாறுவது). இரண்டாவதற்கு மேலே சொன்ன வனஸ்பதியையே எடுத்துக்காட்டாக எழுதலாம்.

• மிளகு: ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லை. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் புகார் கூறினர். 2017 டிசம்பரில் கிலோவுக்கு ரூ.500 குறைந்தபட்ச இறக்குமதி விலை விதிக்கப்பட்டது. மூலநாட்டுச் சான்றைச் சரிபார்க்கும் பொறுப்பை இறக்குமதியாளர் மீதும் சுமத்தும் சுங்க விதிகள் 21.9.2020 முதல் அமலில் உள்ளன. இவை எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும்.

• சேவைகளையும் சேர்த்த விரிவான ஒப்பந்தம் 2008-இல் கையெழுத்தாகாமல் நின்றது. அதற்கு மாற்றான எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) பேச்சு 2016-இல் தொடங்கியது.

• விரிவான விடையில் ஏற்றுமதித் தொகையோடு நிறுத்தாமல், மூலநாட்டு விதியையும் இரு நாட்டு வரி வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள்.