விறகு பிளக்க எந்தக் கோடாலி?

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "இடது கையால கட்டையப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால அரிவாள ஓங்கிப் போட்டேன்க்கா, பிளக்கவே மாட்டேங்குது." பிளக்காமல் போனதே நல்லது. பிளந்திருந்தால் கட்டையோடு கட்டைவிரலும் போயிருக்கும். இனிமேல் கையால் பிடித்த கட்டையின் மேல் எதையும் ஓங்காதே.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது எங்கள் கொல்லையில் மாமரமும் புளியமரமும் குறுக்கே கிடந்தன. கரண்டு இல்லை, சிலிண்டர் வண்டி உள்ளே வர வழியில்லை. கடைக்குப் போய், இருந்ததிலேயே கூரான, மெல்லிய கோடாலியாகப் பார்த்து வாங்கி வந்தேன். முதல் போட்டிலேயே அது புளியங்கட்டைக்குள் நாலு விரக்கடை இறங்கி அப்படியே மாட்டிக்கொண்டது. கட்டையை நான் மிதித்துக்கொள்ள, உன் மாமா காம்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அன்று பூராவும் விறகு பிளந்ததைவிடக் கோடாலி பிடுங்கியதுதான் அதிகம்.

மரம் வெட்டுகிற கோடாலி வேறு, விறகு பிளக்கிற கோடாலி வேறு. வெட்டுவதற்கு நாரைக் குறுக்கே அறுக்க வேண்டும், அதனால் அலகு மெலிசாக இருக்கும். பிளப்பதற்கு நாரை இரண்டு பக்கமும் தள்ளிப் பிரிக்க வேண்டும். அதற்குத் தலையின் இரண்டு பக்கக் கன்னமும் உப்பியிருக்க வேண்டும். கடையில் கோடாலியை நிமிர்த்தி மேலேயிருந்து பார்: தலை முழுக்க ஆப்பு மாதிரி, வாயிலிருந்து பின்பக்கம் வரை சட்டென்று தடித்துக்கொண்டே போனால் அதுதான் உனக்கு. வாய் சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டியதில்லை.

எடை விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதே. "கனமா இருந்தா தானா பிளக்கும்மா" என்று 3 கிலோ தலையைக் கையில் திணிப்பார்கள். பத்துப் போடு போட்டதும் தோள் விட்டுப்போகும், பதினோராவது போடு குறி தப்பும். உன் உடம்புக்கு ஒன்றரை கிலோ தலை போதும். அதை வேகமாக இறக்க முடியும், வேகம்தான் பிளக்கும்.

இப்போது காம்பு. எல்லோரும் இரும்பைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள், காம்பைப் பார்ப்பதே இல்லை. பெயின்ட் அடித்த காம்பு வேண்டாம், அதற்கு அடியில் கணுவும் வெடிப்பும் ஒளிந்திருக்கும், கையும் கொப்புளிக்கும். மரத்தின் ரேகை தலையிலிருந்து நுனி வரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். நீளத்துக்கு ஒரு கணக்கு: தலையை உள்ளங்கையில் பிடித்துக் கையை நீட்டினால் காம்பின் நுனி அக்குளைத் தொட வேண்டும். குட்டைக் காம்பு சுலபம் என்று நினைக்காதே. குறி தப்பினால் நீளக் காம்புக் கோடாலி தரையில் குத்தும், குட்டைக் காம்பு உன் முழங்காலுக்குக் கீழே வரும்.

தலை ஆடினால் அப்பா தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். காம்பின் மேல்முனையில் புதிதாக ஒரு ஆப்பு அடித்து இறுக்குவதுதான் வழி. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடு.

பக்கத்தில் கொல்லுப்பட்டறை இருந்தால் கடைக்கே போகாதே. பழைய லாரிப் பட்டையில் அடித்து, வாய் மட்டும் கெட்டிப்படத் தோய்ச்சல் போட்டுத் தருவார்கள். "பிளக்கத்தான் வேணும், வெட்ட இல்ல" என்று சொன்னாலே கன்னத்தைத் தடியாக விட்டுவிடுவார்கள். மழுங்கினால் வீட்டில் அரத்தால் நாலு இழுப்பு போதும். மெஷின் சாணையில் கொடுத்து வாய் நீலம் பாய்ந்துவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம்.

கணு விழுந்த முரட்டுக் கட்டைக்குக் கோடாலியோடு மல்லுக்கட்டாதே. இரும்பு ஆப்பு ஒன்றும் சம்மட்டி ஒன்றும் வாங்கிக்கொள். முனையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பில் ஆப்பை வைத்துத் தட்டிக்கொண்டே போ. கோடாலியையே ஆப்பாகச் செருகி அதன் பின்மண்டையில் சம்மட்டியால் அடிப்பவர்களைப் பார்த்திருப்பாய். தலை விரியும், சில்லு தெறித்துக் கண்ணுக்கு வரும். ஆப்பின் தலையும் நாளாக நாளாகப் பூ மாதிரி விரியும், அதை அரத்தால் ராவிவிட வேண்டும்.

அடுப்பு பற்றவைக்கச் சிராய் வேண்டுமென்றால் உன் அரிவாளே போதும், ஓங்காமல். கட்டையை நிறுத்தி, அரிவாள் வாயை அதன் தலையில் பதித்து, முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டு. 

அடியில் முழங்காலுக்குக் கீழான உயரத்தில் ஒரு அடிக்கட்டை, காலில் ஷூ, சுற்றிலும் பிள்ளைகள் இல்லாத இடம். புடவை முந்தானையைச் செருகிக்கொள். சவுக்கும் சீமைக்கருவேலமும் வந்தால் காயவிடாமல் பச்சையிலேயே பிளந்து அடுக்கு, காய்ந்தால் கல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் கோடாலியையும் எடுத்து வருகிறேன், பிடித்துப் பார்த்துவிட்டு அதே அளவில் அடிக்கச் சொல்லலாம். அதுவரை நீ பிளக்கப் பார்த்த அந்த வேப்பங்கட்டை கொல்லையிலேயே கிடக்கட்டும்.