பறக்காத விமானமும் நம்ம ஊர் விமானமும்



நம்ம இளைஞர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வரும் செய்தி ஒன்று உண்டு. ‘ரைட் சகோதரர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நம் ரிஷிகள் ஆகாய விமானம் செய்தார்கள். ஆதாரம்: வைமானிக சாஸ்திரம்.’ கூடவே அடுக்கடுக்காக, கோபுரம் மாதிரி ஒரு விமானத்தின் படமும் வரும். நான் பொறியியல் படிப்பதால், “அண்ணா, இது உண்மையா?” என்று தம்பிகள் என்னிடம்தான் கேட்பார்கள்.

இதற்குப் பதில் 1974-லேயே வந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வாளர்கள் இந்த நூலை எடுத்து முறையாகச் சோதித்தார்கள். 1918 முதல் 1923 வரை சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் இது. மொழியும் வேதகால சமஸ்கிருதம் இல்லை. படங்களை வரைந்தவர் பெங்களூரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்த ஒரு வரைபடக்காரர். சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர என்று அதில் சொல்லப்பட்ட நான்கில் ஒன்றுகூடப் பறக்காது என்பதுதான் அவர்கள் முடிவு.

இதைச் சொன்னால், “நீ நம் சமயத்தையே குறை சொல்றியா?” என்று சிலர் கோபப்படலாம். அந்த ஐந்து பேரில் ஒருவர் எச்.ஆர். நாகேந்திரா. பிறகு விவேகானந்தர் பெயரில் யோகப் பல்கலைக்கழகத்தை வளர்த்தவர் அவர்தான். சமயப் பற்றும் உண்மையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

சரி, பெருமைப்பட நமக்கு வேறு விமானமே இல்லையா? இருக்கு. கருவறையையும் அதன் மேல் எழும் கட்டடத்தையும் விமானம் என்றுதான் சொல்கிறோம். அப்படி ஒன்றைப் பார்க்க இந்தியாவுக்குப் போக வேண்டாம், கெடாவுக்குப் போனால் போதும்.

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் நாட்டின் பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் அருகே, சண்டி புக்கிட் பத்து பஹாட் இருக்கிறது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் அதைத் தோண்டி ஆராய்ந்தார். 1960-ஐ ஒட்டி அலஸ்டர் லாம்ப் தலைமையில் கற்கள் அதே இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. விமானம், முன்னால் மண்டபம் என்று நம் கோயில் அமைப்பு தெளிவாகத் தெரியும். மேலே கூரை இல்லை. ஆனால் தூண்களைத் தாங்கிய கற்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து, மரத்தூண்கள் மேல் கூரை நின்றிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். ஒரு கல்லை இடம் மாற்றினால் அந்தத் தகவல் போச்சு! கல் முக்கியம், அது கிடந்த இடம் அதைவிட முக்கியம்.

அதே வட்டாரத்தில் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழாய்வு செய்தார்கள். இரும்பு உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்று ஊதும் களிமண் குழாய்களும் அங்கே கிடைத்தன. இதுதான் உண்மையான பழங்காலப் பொறியியல். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஆதாரம்.

ஆனால் 2013-இல் என்ன நடந்தது தெரியுமா? குவாரிட்ச் வேல்ஸ் 11 என்று எண் கொடுத்த சண்டி, நில மேம்பாட்டு வேலையில் இயந்திரத்தால் தரைமட்டமானது. நிலம் தனியாரிடம் இருந்தது. அந்த இடம் மரபுடைமைத் தளமாக கெஸட் செய்யப்படவில்லை. செய்தி வெளியே வந்தபோது கற்குவியல்தான் மிச்சம். பறக்காத விமானத்தை நாம் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோம். இந்தக் கோயில் இடிவதற்கு முன் அதைப் பற்றி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்?

இந்த இடங்களில் இந்து சமயம், பௌத்தம் இரண்டின் தடயங்களும் உண்டு. “எல்லாமே நம்மது” என்று மிகைப்படுத்த வேண்டாம். பொய் ஒன்று கலந்தால், உண்மையைச் சொல்லும்போதும் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. பழம்பொருள் எதையாவது கண்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உடனே மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) கேட்பதும் அதைத்தான்.

3. அடுத்த பள்ளி விடுமுறையில் பூச்சோங்கிலிருந்து ஒரு பேருந்து எடுத்து மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போய் வருவோம். ஆள் வருகிற இடத்தை இடிக்க யாரும் இருமுறை யோசிப்பார்கள்.

வகுப்பில் கலந்து பேச:

• ஒரு செய்தியை அனுப்பும் முன் அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?

• உங்கள் வட்டாரத்தில் இன்னும் பதிவாகாத பழைய கோயிலோ, தோட்டத்துச் சின்னமோ இருக்கிறதா? அதை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?